இறந்தவர் கொடுக்கப்போகும் புகார்

அத்தியாயம் 4

பிரான்சிலிருந்து வந்திருந்தது இரங்கல் கடிதம். செத்துப்போனவர் பாவாடை. கடிதத்தைப் பிரித்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, நாலு தரம் படித்தவரும் அதே பாவாடைதான்.

எழுபத்தோரு வயது மனிதர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினேழு வருஷம் இருந்துவிட்டு வந்தவர் என்பதால் ரெட்டியார்பாளையத்தில் அவருக்குச் சொல்தா பாவாடை என்று பேர். சொல்தா என்றால் சிப்பாய். இப்போது அவர் முத்தியால்பேட்டையில், சிராஜுதீன் டாக்குமெண்ட் சர்வீஸ் என்ற சின்னக் கடையின் நட்டநடுவில், பிளாஸ்டிக் நாற்காலியில் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார். மணி மூன்றேகால். ஐந்து மணிக்கு அவர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவதாக ஏற்பாடு. தன்னைக் காகிதத்தில் கொன்றுவிட்டார்கள் என்று தானே புகார் கொடுப்பதற்கு.

புகாரில் எழுதியிருந்த பேர் சுடர்விழி. அந்தக் கடையில் ஆறு வருஷமாக ஸ்கேன் எடுத்து மெயில் அனுப்பிக்கொண்டிருக்கும் பெண்.

சுடர்விழி, எதிரே நின்றிருந்த கன்னியப்பனின் அக்கா மணியம்மாளின் மகள். மில்லை மூடியபிறகு பத்து வருஷம் ஆட்டோ ஓட்டி, அதற்கப்புறம் துப்பறியும் ஹனீனிடம் உதவியாளராக வந்து சேர்ந்தவர் கன்னியப்பன். ஊரார் வீட்டுச் சங்கடங்களை எல்லாம் கிண்டலடித்தே கடந்துவந்த ஆள். சொந்த வீட்டுச் சங்கடம் என்றதும் வாய் மட்டும் பழக்கதோஷத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"மேடம், செத்தவரே எதிர்ல உக்காந்து சாட்சி சொல்றாரு. இந்த வசதி நமக்கு எந்தக் கேஸ்லயும் கெடச்சதில்ல," என்றார் மெதுவாக.

"கன்னியப்பண்ணே, கொஞ்ச நேரம் வாயைச் சார்ஜுல போடுங்க," என்றாள் ஹனீன். முப்பத்துநாலு வயது. சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை உதறிவிட்டு உழவர்கரையில் இரண்டு அறை எடுத்துத் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறவள். அதிகம் பேசமாட்டாள். கேள்வி மட்டும் கேட்பாள்.

கடைக்காரர் சிராஜுதீன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "வா புள்ள. உங்க வாப்பா முகத்துக்காகத்தான் அஞ்சு மணி வரைக்கும் பொறுங்கன்னு இவங்களைக் கையப் புடிச்சு நிறுத்தி வெச்சிருக்கேன்."

"என்ன நடந்துச்சு மாமா? முதல்லேர்ந்து சொல்லுங்க."

"பிரெஞ்சு பென்ஷன் வாங்குறவங்க வருஷா வருஷம் உயிரோட இருக்கோம்னு சான்று அனுப்பணும்ல. முத்திரை வாங்கிட்டு நம்ம கடைக்குத்தான் வருவாங்க. நாங்க ஸ்கேன் பண்ணி மெயில்ல அனுப்புவோம். அஞ்சு வாரத்துக்கு முன்ன பாவாடையோடதையும் அனுப்பினோம். இந்தப் பொண்ணுதான் அனுப்புச்சு. பிரான்சு பென்ஷன் ஆபீஸுக்கு அது சேரலையாம். அதாவது போகட்டும். அதுக்கப்புறம் நம்ம கடை மெயில்லேர்ந்தே இன்னொண்ணு போயிருக்கு. பாவாடை செத்துட்டாருன்னு. மரணச் சான்று வெச்சு."

"இவ கையிலதான் பாஸ்வேர்டு இருக்கு," என்றான் பாவாடையின் பக்கத்தில் நின்றவன். செம்மல். பாவாடையின் அண்ணன் மகன், சித்தப்பா வீட்டிலேயே மனைவி மக்களோடு இருப்பவன். புகாரை எழுதியதும் அவன்தான். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. "அனுப்பின மெயில் எல்லாம் இருக்கு, அது மட்டும் இல்ல. அனுப்பிட்டு அழிச்சிருக்கா. வேற யாரு?"

சுடர்விழி சுவரோரமாக நின்றிருந்தாள். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. நேற்றுச் சாயங்காலம் சிராஜுதீன், பாவாடை, செம்மல் மூவரும் அவள் தெருவுக்கே போயிருந்தார்கள். நடுத்தெருவில் நின்று, "உங்க பொண்ணு உசுரோட இருக்கற மனுஷனைச் சாகடிச்சுட்டா" என்று சிராஜுதீன் மணியம்மாளிடம் சொன்னதை, கதவு திறந்திருந்த எல்லா வீடும் கேட்டது. அதிலிருந்து அக்கா வீட்டில் அடுப்பு எரியவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துவிட்டுப்போன பெண் வேறு. ஐந்து மணிக்கு அவள் பேர் ஸ்டேஷனில் ஏறிவிட்டால் பிறகு அதை இறக்க யாராலும் முடியாது என்று கன்னியப்பனுக்குத் தெரியும்.

"நான் அனுப்பல மாமா," என்றாள் சுடர்விழி கன்னியப்பனிடம். காலையிலிருந்து எத்தனையாவது தடவையோ.

ஹனீன் அவளைப் புதுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தாள். அன்றைக்கு அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"இது எப்ப வந்துச்சு?"

"நாப்பத்தொரு நாளாச்சு மேடம். பழசு ரொம்ப மெதுவாயிடுச்சுன்னு பாய் புதுசு வாங்கினாரு."

"பாவாடை ஐயா சான்றை அனுப்பினியே, அதைக் காட்டு."

சுடர்விழி காட்டினாள். அனுப்பிய மெயில் இருந்தது, அதன் கீழே அட்டாச்மெண்ட்டும் இருந்தது. தட்டினாள். முத்திரையும் கையெழுத்துமாக பாவாடையின் உயிர்ச் சான்று திரை நிறையத் திறந்தது.

"எதை அனுப்பினாலும் திறந்து பாத்துட்டுத்தான் அடுத்ததுக்குப் போவேன்," என்றாள்.

"அதையே இப்ப எனக்கு அனுப்பு."

ஹனீனின் போன் சிணுங்கியது. மெயில் வந்துவிட்டது. அட்டாச்மெண்ட்டை அவள் தட்டினாள். திறக்கவில்லை. மறுபடி தட்டினாள். இந்த வகைக் கோப்பைத் திறக்க முடியாது என்று போன் கையை விரித்தது.

"உங்க போனுக்கும் பிரெஞ்சுக்காரன் புத்தி வந்துடுச்சு மேடம்," என்றார் கன்னியப்பன்.

ஹனீன் திரைக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோனாள். "அண்ணே, இந்தப் படத்தோட மூலையில என்ன இருக்கு?"

கன்னியப்பன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "கொசு மாதிரி ஒண்ணு. இல்ல, அம்புக்குறி."

"எடை எவ்வளவு போட்டிருக்கு?"

"ரெண்டு கேபி."

"ஒரு தாளை ஸ்கேன் பண்ணினாலே ஐநூறு கேபிக்குக் குறையாது. ரெண்டு கேபில முத்திரை கூட அடங்காது. இவ அனுப்பினது சான்று இல்லண்ணே. சான்று எங்க இருக்குன்னு காட்டுற ஷார்ட்கட்."

கன்னியப்பன் இரண்டு விநாடி யோசித்தார். "அதாவது, சாவியைக் கொடுக்காம, சாவி ஆணியில மாட்டியிருக்குன்னு சீட்டெழுதிக் கொடுத்திருக்கா."

"அதேதான். இந்தக் கடையில இருக்கறவங்க அந்தச் சீட்டைப் பாத்தா ஆணிக்குப் போயிடலாம். அதனாலதான் இங்க திறக்குது. பிரான்சுல ஆணி இல்ல. அங்க இருக்கற பாதுகாப்பு ஏற்பாடு இதை என்னமோ ஏதோன்னு வாசல்லயே கழட்டிப் போட்டிருக்கும். மெயில் மட்டும் வெறுங்கையோட உள்ள போயிருக்கும். மாமா, நிஜப் பேப்பரெல்லாம் எங்க இருக்கு?"

"பழசுலதான். இப்ப ஸ்கேன் எடுக்கறதும் அங்கதான் போய்ச் சேருது," என்றார் சிராஜுதீன். "பின்னறையில வெச்சிருக்கேன். அணைக்கறதே இல்ல."

"புதுசுக்கு ஏன் மாத்தல?"

சிராஜுதீனுக்கு அந்தக் கேள்வியே பிடிக்கவில்லை. "எப்படி மாத்துறது? அது என் சொத்தா? நூத்தியெண்பது பேர் நம்பிக் கொடுத்த அமானிதம். ஒருத்தர் நம்பி ஓரிடத்துல வெச்சதை அவங்களைக் கேக்காம இன்னோரிடத்துக்கு நகத்தக்கூடாதுன்னு எங்க வாப்பா சொல்லிக் கொடுத்திருக்காரு. புதுசு மாட்ட வந்த ஆரிப் ரெண்டு நாள் கெஞ்சினான். முடியவே முடியாதுன்னுட்டேன். சரி, பழசுல இருக்கறது இருக்கட்டும், புதுசுல வழி மட்டும் போட்டுத் தர்றேன், பழசை அணைச்சுடாதீங்கன்னு சொல்லிட்டுப் போனான்."

"அந்த வழியைத்தான் சுடர் இழுத்து இழுத்து மெயில்ல போட்டிருக்கா," என்றாள் ஹனீன்.

கன்னியப்பனுக்குக் கோபமாக வந்தது. ஏமாற்றுக்காரனால் வந்த கஷ்டம் என்றால் சட்டையைப் பிடிக்கலாம். ஒரு மனிதர் தன் நாணயத்தைக் கட்டிக் காப்பாற்றப்போய் அந்தக் கயிறு அக்கா மகள் கழுத்தில் விழுந்திருக்கிறது. யார் சட்டையைப் பிடிப்பது?

"ரெண்டு பேருக்குப் பேப்பர் வரலன்னு அங்கேர்ந்து பதில் வந்துச்சு மேடம்," என்றாள் சுடர்விழி. "பாய்கிட்ட உடனே சொன்னேன். நெட்டு மெதுவா இருக்கும், திரும்ப அனுப்புன்னாரு. திரும்பவும் இதையேதான் அனுப்பினேன் போல."

சிராஜுதீன் தலையைக் குனிந்துகொண்டார். அது உண்மை என்று அந்தத் தலையே சொன்னது.

"புதுசு வந்தப்புறம் மொத்தம் எத்தனை பேருக்கு அனுப்பினே?"

"இருபத்து மூணு."

செம்மல் தொண்டையைச் செருமினான். "சரிங்க. உயிர்ச் சான்று போகாதது மெஷின் கோளாறு. ஒத்துக்கறோம். மரணச் சான்று போச்சே, அதுவும் மெஷின் தானா அனுப்புச்சா? மணி நாலாவுது சித்தப்பா. ஸ்டேஷன்ல இன்ஸ்பெக்டர் கெளம்பிடுவாரு."

பாவாடை தலையை ஆட்டினார். அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

ஹனீன் இரங்கல் கடிதத்தோடு இணைத்திருந்த தாள்களைக் கேட்டு வாங்கினாள். கடை மெயிலிலிருந்து போன செய்தியின் நகல் ஒன்று. மரணச் சான்றின் நகல் ஒன்று, எழுத்தெல்லாம் பளிச்சென்று. அதைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "டீ குடிச்சுட்டு வர்றோம்," என்று எழுந்தாள்.

தெருவில் இறங்கியதும் கன்னியப்பன் தாங்கமாட்டாமல் பேசினார். "மேடம், ஒரு முடிச்சை அவுத்தீங்க, இன்னொண்ணு இறுகிப்போச்சு. அவ தப்பா அனுப்பினது உண்மைன்னு நம்ம வாயாலயே சொல்லிட்டு வந்துட்டோம். எங்க அக்காவுக்கு நான் என்னா பதில் சொல்றது?"

"நாப்பத்தொரு நாள்ல சுடர் அனுப்பினது எத்தனை?"

"இப்பதானே சொன்னா, இருபத்து மூணு."

"போய்ச் சேர்ந்தது?"

"ஒண்ணுகூட இல்ல. பாவம், ஒண்ணாவது சேந்திருக்கக்கூடாதா?"

"இருபத்து நாலாவது சேர்ந்துச்சேண்ணே." ஹனீன் மரணச் சான்றின் நகலை அவர் கையில் கொடுத்தாள். "இது அந்தக் கடையிலேர்ந்துதான் போச்சு. அம்புக்குறியா போகல. முழுத் தாளா போயிருக்கு."

கன்னியப்பன் நின்றுவிட்டார். டீ கிளாஸோடு எதிரே வந்தவர் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்.

"அதாவது," என்றார் நிதானமாக, "தினமும் சாம்பார்ல உப்புப் போட மறக்கறவ வீட்டுல, ஒரு நாள் மட்டும் உப்பு சரியா இருந்தா..."

"அன்னிக்குச் சமைச்சது வேற ஆளு. அவ அனுப்பியிருந்தா இதுவும் வாசல்லயே கழண்டிருக்கும். தெரிஞ்சே ரெண்டு விதமா அனுப்பினாள்னா, வரலன்னு பதில் வந்ததை அவளே போய்ப் பாய்கிட்ட சொல்லியிருக்கமாட்டா. அந்தப் பொண்ணோட தப்புதான் அவளுக்குச் சாட்சி."

கன்னியப்பனுக்குக் கண் கலங்கியது. துடைத்துக்கொள்ள வெட்கப்பட்டு, தூசி விழுந்தவர் மாதிரி இமையைக் கசக்கினார். ஆனால் நிம்மதி வந்த வேகத்திலேயே போய்விட்டது. முழுத் தாளாக அனுப்ப வேண்டுமென்றால் பழைய கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்க வேண்டும். பழையது பின்னறையில். பின்னறைச் சாவி சிராஜுதீனின் இடுப்பு பெல்ட்டில்.

"பாயா மேடம்?" என்றார். அந்த மனிதர் கையால் எத்தனை நோன்புக் கஞ்சி வாங்கிக் குடித்திருக்கிறார். "அமானிதம்னு பேசுனாரே."

"டீ வேணாம். வாங்க," என்றாள் ஹனீன்.

பின்னறையில் மனிதர் ஒருவர் திரும்புவதற்குத்தான் இடமிருந்தது. பழைய கம்ப்யூட்டர் தூசி போர்த்திக்கொண்டு உறுமிக்கொண்டிருந்தது. ஹனீன் திரையைப் போட்டாள். மெயில் எந்தப் பாஸ்வேர்டும் கேட்காமல் திறந்தது. புதுசு வந்த ஜோரில் பழையதில் மெயிலை விட்டு வெளியே வர யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அனுப்பியவை இருக்கும் இடத்தில் அந்த மெயில் இல்லை. அந்தக் கம்ப்யூட்டரில் அழித்தவை தங்கும் இடத்தைத் திறந்தாள்.

இருந்தது. பாவாடையின் மரணம், முழு எடையில்.

"அழிச்சவர் குப்பையைக் கொட்ட மறந்துட்டாரு," என்றார் கன்னியப்பன்.

"இருபது நாளைக்கு முன்ன. மதியம் ஒண்ணு பன்னெண்டு," என்று படித்தாள் ஹனீன்.

செம்மல் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தான். "அப்ப பாய்தான். இந்த ரூமுக்கு வேற யாரு வர்றா?"

சிராஜுதீனின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. பாவாடை நாற்காலியிலிருந்து எழுந்து தன் முப்பது வருஷச் சிநேகிதரைப் பார்த்த பார்வை பார்க்கச் சகிக்கவில்லை. நேற்று ஒரு பெண் நின்ற இடத்தில் இன்றைக்கு இன்னொருவர் நிற்கிறார், அவ்வளவுதான். கன்னியப்பன் இதைப் பார்த்துச் சந்தோஷப்பட நினைத்து, முடியாமல் நின்றார்.

"மாமா," என்றாள் ஹனீன், "இருபது நாளைக்கு முன்ன என்ன கிழமை?"

சிராஜுதீன் விரல் விட்டு எண்ணினார். எண்ணி முடிப்பதற்குள் அவருக்கு மூச்சு திரும்பி வந்தது. "வெள்ளி. வெள்ளிக்கிழமை ஒண்ணு பன்னெண்டுக்கு நான் பள்ளிவாசல்ல இருப்பேன் புள்ள. தொழுகையில எனக்கு ரெண்டு பக்கமும் இருந்தவங்களைக் கூப்பிட்டுக் கேளு."

"சுடர்?"

"சாப்பாட்டுக்குப் போயிடும். ரெண்டரைக்குத்தான் வரும்."

"கடையைப் பூட்டிட்டா போவீங்க?"

"ஷட்டரைப் பாதி இறக்கிட்டு, சாவிக்கொத்தைப் பாவாடைகிட்ட கொடுத்துட்டுப் போவேன். வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்துல கடைக்குக் காவல் அவன்தான். கடை ஆரம்பிச்ச நாள்லேர்ந்து அப்படித்தான்."

இப்போது எல்லோரும் இறந்தவரைப் பார்த்தார்கள்.

"ஐயா," என்று கேட்டாள் ஹனீன், "அந்த வெள்ளிக்கிழமை நீங்க வந்தீங்களா?"

பாவாடை வலது காலைப் பார்த்தார். "வரல. கால் வீங்கிப்போயி ஆஸ்பத்திரில ஊசி போட்டுக்கிட்டுப் படுத்திருந்தேன்."

"அப்ப யாரு காவலுக்கு வந்தது?"

சிராஜுதீனுக்குப் பதில் தெரியும் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. ஆனால் அவர் பாவாடையைப் பார்த்தார். அதைச் சொல்லவேண்டியவர் வேறு ஒருவர்.

"சிராஜு தனியா கஷ்டப்படுவான்னு," என்றார் பாவாடை, ஒவ்வொரு சொல்லாக, "நான்தான் இவனை அனுப்புனேன்."

செம்மல் சிரிக்கப் பார்த்தான். "வந்தேன். உக்காந்துட்டுப் போனேன். அதுக்காக நான்தான்னு ஆயிடுமா? என்னாத்துக்குச் சித்தப்பா நான் இதைப் பண்ணப்போறேன்?"

ஹனீன் மரணச் சான்றின் நகலைப் பாவாடையிடம் நீட்டினாள். "ஐயா, உங்க அண்ணன் எந்த வருஷம் தவறினாரு?"

"ரெண்டாயிரத்துப் பதினாலு."

"மேல பதிவு எண் இருக்கு பாருங்க. அது பதினாலாம் வருஷத்துது. பேரை மாத்தி, தேதியை மாத்தி, எண்ணை அப்படியே விட்டுட்டாங்க. அப்பா பேரு உங்களுக்கும் அவருக்கும் ஒண்ணுதானே, அதை மாத்த வேண்டிய வேலையே இல்ல. இது உங்க அண்ணனோட மரணச் சான்று ஐயா. உங்க வீட்டு பீரோவுல இருக்கற தாளு."

பாவாடை தாளை வாங்கிப் பார்த்தார்.

"உங்க அப்பன் பேப்பரையாடா எடுத்தே?" என்றார்.

செம்மல் சுவரில் சாய்ந்தான். பேசினான், கெட்டிக்காரக் குரல் எல்லாம் போய், வீட்டில் பேசுகிற குரலில்.

"அந்த வீட்டுலதான் பொறந்தேன் சித்தப்பா. வித்துட்டு பிரான்சுக்குப் போறேன், பழைய சொல்தாக்களுக்கு அங்க விடுதி இருக்கு, கடைசிக் காலத்தை அங்க கழிச்சுக்கறேன்னு சொன்னீங்க. என் பொண்டாட்டி புள்ளைங்க எங்க போவும்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? பேப்பர்ல கொஞ்ச நாள் நீங்க இல்லாம இருந்தா பயணம் நின்னு போவும்னு நெனச்சேன். நீங்க இங்கயே இருப்பீங்கன்னு நெனச்சேன். வேற ஒண்ணும் நெனக்கல."

"அதுக்கு இந்தப் பொண்ணு என்னா பண்ணுச்சு?" என்று கேட்டார் கன்னியப்பன். அவர் குரல் அவருக்கே அடையாளம் தெரியவில்லை.

செம்மல் அவரைப் பார்க்கவில்லை. "யாரு மேலயாவது விழணும்ல."

கன்னியப்பன் ஓரடி முன்னால் போனார். "அண்ணே," என்றாள் ஹனீன். அவர் நின்றார். நின்றது அவளுக்காகத்தான்.

"நேத்து இவன் ஸ்கூட்டர்லதான் போனேன்," என்றார் பாவாடை யாரிடமோ. "இவன் தோளைப் புடிச்சுக்கிட்டு. அந்தப் பொண்ணு தெருவுக்கு." பிறகு செம்மலைப் பார்த்துச் சொன்னார்: "நீ போ. எனக்காகக் காத்திருக்காதே."

செம்மல் போனான். ஸ்கூட்டரைக் கிளப்ப அவனுக்கு நாலைந்து உதை தேவைப்பட்டது.

"புகார் கொடுக்கறதா வேணாமான்னு அப்புறம் முடிவு பண்ணுங்க ஐயா," என்றாள் ஹனீன். "இப்போதைக்கு நீங்க அங்க செத்தவர்தான். மத்த இருபத்து ரெண்டு பேரும் அதே வழியில வரிசையில நிக்கறாங்க."

சிராஜுதீன் சுடர்விழியிடம் போய் நின்றார். "மன்னிச்சிடும்மா," என்றார். அவருக்கு அந்தச் சொல் சுலபமாக வரவில்லை.

சுடர்விழி பின்னறைக்குப் போய் உட்கார்ந்தாள். தூசியைத் துப்பட்டாவால் துடைத்தாள். ஒவ்வொரு தாளாக எடுத்து, மூலையில் அம்புக்குறி இல்லை என்று பார்த்து, எடையைப் பார்த்து, முதலில் ஹனீனின் போனுக்கு அனுப்பினாள். போனில் திறந்தபிறகுதான் பிரான்சுக்கு அனுப்பினாள். பாவாடையின் சான்றோடு, ஆள் உயிரோடு இருக்கிறார், முந்தைய மெயில் போலி என்று ஹனீன் பிரெஞ்சில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தாள். இருபத்து மூன்றும் போய் முடிய ஐந்தே முக்கால் ஆயிற்று. அங்கே மதிய வேலை நேரம். முதல் ஏழு பேருக்குக் கிடைத்தது என்று பதிலும் வந்தது. பாவாடைக்கு வரவில்லை.

"செத்தவனைப் பொழைக்க வெக்க அவங்களுக்கு நாளாவும்," என்றார் பாவாடை.

சுடர்விழி எழுந்து பையை எடுத்துக்கொண்டாள்.

"நாளைக்கு எப்பவும்போல வந்துடும்மா," என்றார் சிராஜுதீன்.

"பாய்," என்றாள் அவள். சத்தம் போடவில்லை. "நேத்து நீங்க எங்க தெருவுல நின்னு சொன்னதை நான் உள்ளேர்ந்து கேட்டேன். இங்க கேக்கற மன்னிப்பு அங்க கேக்காது."

சிராஜுதீன் அவளையே பார்த்தார். பிறகு ஷட்டரை இறக்கிப் பூட்டினார், செருப்பை மாட்டினார்.

நாலு தெரு தள்ளித்தான் மணியம்மாளின் வீடு. சிராஜுதீன் முன்னால் போனார். பாவாடை காலை இழுத்துக்கொண்டு அவர் பக்கத்தில். ஹனீனும் சுடர்விழியும் பின்னால். கன்னியப்பன் தன் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு கடைசியில் வந்தார். நேற்று நின்ற அதே இடத்தில் சிராஜுதீன் நின்றார். மணியம்மாள் வாசலுக்கு வந்தாள். அக்கம்பக்கத்தில் இரண்டு கதவு திறந்தது.

"உங்க பொண்ணு மேல ஒரு தப்பும் இல்லம்மா," என்றார் சிராஜுதீன், தெரு முழுக்கக் கேட்கும்படி. "பேப்பர் போய்ச் சேராதது என் பிடிவாதத்தால வந்த கோளாறு. பொய்ச் சான்று அனுப்பினது வேற ஆளு. விசாரிக்காம நேத்து இங்க வந்து பேசினது நான். தப்பு என்னுது."

"என்னுதும்தான்," என்றார் பாவாடை.

மணியம்மாள் முழுவதையும் கேட்டாள். மகளைப் பார்த்தாள். திறந்திருந்த இரண்டு கதவுகளைப் பார்த்தாள், மூடியிருந்த மற்றக் கதவுகளையும் பார்த்தாள்.

"நேத்து நீங்க பேசினப்ப தெரு நெறைய ஆளிருந்தாங்க பாய்," என்றாள். "பாதிப் பேரு இன்னும் வேலை விட்டு வரல. ஏழு மணிக்குள்ள வந்துடுவாங்க. அவங்க வந்தப்புறம் இன்னொரு தடவை சொல்லிட்டுப் போங்க."

மகளின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். கொஞ்ச நேரத்தில் உள்ளே பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது.

சிராஜுதீன் போகவில்லை. தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு, நடுத்தெருவில் நின்றார். வலிக்கிற காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு பாவாடையும் நின்றார்.

இரண்டு கிழவர்களுக்கும் நாற்காலி எடுத்துவந்து போடலாமா என்று கன்னியப்பன் உள்ளே போனார். அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்த அக்கா திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் நாற்காலியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வெளியே வந்தார்.